லிஸ்பன் இன்னும் விழவில்லை

கியூபெக், மேல் நகரம்
27 அக்டோபர் 1756, புதன்கிழமை

லிஸ்பன் நகரத்தில் உப்பு வியாபாரி முசியே கஸ்தனே அவர்களின் கிடங்கில் எழுத்தராக இருக்கும் என் மகன் ஆம்புருவாஸ் பெர்த்தியோமுக்கு, உன் தாயார் எழுதுவது.

உனக்கு என் ஆசீரும், நெற்றியில் ஒரு சிலுவை அடையாளமும். இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை நீ பொருட்படுத்த வேண்டாம், இதுவரை பொருட்படுத்தியதும் இல்லை. அங்கே நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் மரியாதை. அந்த ஒரு வரிக்காகப் பேனாவை மூன்று தடவை மையில் தோய்த்தேன். மூன்று தடவையும் மை காய்ந்துவிட்டது. காரணம் கீழே வருகிறது.

சென்ற ஆண்டு செப்டம்பர் ஒன்பதாம் தேதி நீ எழுதிய கடிதம் இந்த மே மாதம் முதல் கப்பலில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பதினான்கு கப்பல்கள் வந்தன. உன் கையெழுத்து ஒன்றிலும் வரவில்லை. வந்த ஒன்றைப் பற்றியாவது பேசுவோம். நான்கு பக்கம், மூன்று மைத்துளி, ஓரமே விடாமல் எழுதியிருக்கிறாய். நான் படித்த மடத்தில் இப்படி எழுதினால் கன்னியர் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள். துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து மறுபடி எழுத வேண்டும். மூன்றாம் பக்கத்தில், உன் சளிக்கும் மழைக்கும் நடுவில், மெழுகுவர்த்தி செய்கிற ஒருவருடைய மகளைக் கல்யாணம் செய்துகொள்ள என் சம்மதம் வேண்டும் என்று, ஏதோ மேசையிலிருந்து உப்பை எடுத்துக் கொடு என்பது போலக் கேட்டிருக்கிறாய். திருநாட்களில் காலையிலேயே படகேறி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவதாகவும், அதனால் பூசை ‘சில சமயம்’ தவறிவிடுவதாகவும் நீயே எழுதியிருக்கிறாய். பிடிபடுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டு தப்பிப்பது உனக்குச் சிறு வயதிலிருந்தே கைவந்த வித்தை. முப்பது வயதாகாத மகன் தாயின் கையெழுத்து இல்லாமல் கல்யாணம் செய்ய நம் அரசரின் சட்டம் இடம் தராது. உனக்கு இருபத்தாறு. என் கையெழுத்து என் கையிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை நீ எழுதியிருந்தாய். நான் இங்கே எழுதப் போவதில்லை.

இனி இந்த வருடத்துக் கதை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், ஆனால் நீ மறக்கக்கூடியவன். பாரிஸ் வாரப் பத்திரிகை நமக்கு எட்டு மாதம், பத்து மாதம் மொத்தமாகச் சேர்ந்து, கயிறு கட்டி, கடல் ஈரத்தோடு வரும். ஊரில் மற்றவர்கள் கட்டைப் பிரித்ததும் கடைசி இதழைத்தான் முதலில் உருவுவார்கள், விருந்தில் இனிப்புத் தட்டை முதலில் இழுப்பவர்களைப் போல. உன் அப்பா அப்படிச் செய்ததில்லை. ஒவ்வோர் இதழையும் அதே தேதி அடுத்த வருடம் திரும்பி வருகிற நாளில்தான் பிரிப்பார். 1748 மார்ச் இரண்டாம் தேதி இதழை 1749 மார்ச் இரண்டாம் தேதி படித்தோம். செய்தி பழசானால் என்ன, வரிசை கெடக்கூடாது என்பார். அவர் போய் ஏழு வருடம் ஆகிறது, வரிசை கெடவில்லை. உலகம் நம் வீட்டுக்குச் சரியாக ஒரு வருடம் பிந்தி வரும், ஆனால் ஒழுங்காக வரும். வாசிப்பு நாளில் அடுத்த வீட்டுப் பீப்பாய்க்காரர் ரொபித்தாயும் அவர் மனைவியும் நம் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். நான் வாசிப்பேன். நம் சமையற்காரி பெரின் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள், கேட்காதது போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

ஆக இந்த வருடம் நாங்கள் 1755இல் இருந்தோம். மோசமில்லாத வருடமாகத்தான் தொடங்கியது. பிப்ரவரியில், சட்டங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய போர்தோ பக்கத்துப் பிரபு பாரிஸில் காய்ச்சலில் காலமானார். கண் மங்கிப்போயிருந்தும் கடைசி நேரத்தில் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டாராம். கண் நன்றாகத் தெரிகிற உனக்காக இதைக் குறிப்பிடுகிறேன். ஏப்ரலில் லண்டனில் ஓர் ஆங்கிலேயர் அவர்கள் மொழியின் சொற்களையெல்லாம் ஒற்றை ஆளாகத் திரட்டி இரண்டு பெரும் புத்தகங்களாகப் போட்டாராம். இவ்வளவு பேச்சு கைவசம் இருக்கும்போது இவர்கள் ஏன் பீரங்கியோடு வருகிறார்கள் என்று ரொபித்தாய் கேட்டார்.

மே மாதம் முதல் கப்பல்கள் வந்தன. உன் கடிதமும் பத்திரிகைக் கட்டும் வந்தன. அன்று மாலை ரொபித்தாய் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் தலையில் தொப்பியில்லாமல் நான் பார்த்தது உன் அப்பாவின் அடக்கத்தில் ஒரு முறைதான். வழுக்கை இன்னும் பெரிதாகியிருந்தது.

“மதாம், உட்காந்துக்கங்க. லிஸ்பன்லேருந்து ஒரு சேதி வந்திருக்கு.”

“எந்தத் தேதிச் சேதி?”

“நவம்பர் ஒண்ணு. சகல புனிதர் திருநாள், காலையில.”

“எங்க வீட்ல இது மே மாசம். நவம்பர்ல வாங்க, வாசிச்சுக் காட்டறேன்.”

அவர் போகவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனார். ஊரெல்லாம் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்த நேரத்தில் பூமி ஆடியதாம், கோபுரங்கள் ஜனங்கள் மேலேயே விழுந்தனவாம், தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் ஏறி வந்து கொண்டுபோனதாம், மிச்சத்தை நெருப்பு தின்றதாம். நான் அதைக் காதில் வாங்கினேன். ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு வேறு. எங்கள் மேசையில் இருந்த இதழில் லிஸ்பன் நகரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பிரேசிலிலிருந்து சர்க்கரைக் கப்பல்கள் வந்து சேர்ந்தன என்று போட்டிருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது பார் தொல்லை. ரொட்டியை அளந்து கொடுக்கிற இந்தப் பஞ்ச காலத்தில், இந்தத் தெருவில் யாரும் யாருக்கும் ஒரு கிள்ளுக்கூடக் கொடுப்பதில்லை, பிணம் விழுந்த வீட்டுக்குத் தவிர. என் வாசலுக்கு ஒரே வாரத்தில் இரண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் வெண்ணெய், ஒரு பாதி முயல். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன், பெரின் முயலை மட்டும் வழியில் எங்கோ தொலைத்துவிட்டாள், அன்று அடுக்களையில் நல்ல வாசனை வந்தது. ரொபித்தாய் அம்மாள் புகையில் காயவைத்த விலாங்கு அனுப்பினாள். உப்பு பற்றவில்லை, லிஸ்பன் உப்பாக இருந்தால் கொஞ்சம் போட்டாலும் ஏறியிருக்கும் என்று சொல்லியனுப்பினேன். அதைக் கேட்டு அந்த அம்மாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாளாம். உப்புக்கு அழுவார்களா யாராவது? பிறகு ஒரு நாள் என் ஞாயிற்றுக்கிழமைச் சால்வையைக் காணோம் என்று தேடினால், பெரின் அதைச் சாயத் தொட்டியில் முக்கி வைத்திருக்கிறாள். எதுக்கு என்றேன். கறுப்பு மங்கிப்போச்சும்மா என்றாள். நான் ஏழு வருடமாகக் கறுப்பில் இருக்கிறேன், இதற்கு மேல் கறுக்க என்னிடம் இடமில்லை என்றேன். அவள் சால்வையைப் பிழிந்த பிழியில் எனக்குக் கழுத்து வலித்தது.

பெரினுக்கு அந்தக் கோடையில் வேறொரு துக்கமும் இருந்தது. வரி வசூல்காரர்களை ஏமாற்றிப் புகையிலை கடத்தின மந்த்ரேனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவனைக் கண்டால் பிரபுக்கள் ஓடுவார்கள், ஏழைகள் கதவைத் திறப்பார்கள் என்று கப்பல்காரர்கள் சொல்லக் கேட்டு அவள் அவனைத் தன் அக்காள் பிள்ளை போலவே நினைத்துவிட்டாள். அவன் பிடிபட்டான் என்று நான் வாசித்த நாளிலிருந்து தினமும் ஒரு மெழுகுவர்த்தி. ஜூன் மாதத்தில் அடுத்த இதழ்: வாலான்ஸ் நகரத்தில் அவனைச் சக்கரத்தில் கட்டிக் கொன்றுவிட்டார்கள், போன வருடம் மே இருபத்தாறு. பெரின் பட்டாணியைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் வத்தி ஏத்தினப்போவே அவன் செத்து வருஷம் ஆகப்போவுதாம்மா? அத்தனையும் வீணா?”

நான் வாசிப்பை அத்தோடு நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை என்றேன். ரொபித்தாய் அம்மாள் தண்ணீர் கொண்டுவரப் போனாள், அடுத்த வீடு வரைக்கும் போய்விட்டாள், எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லாதது போல.

அந்த வாரமே நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நம் பங்குக் கோயிலின் குரு அபே மர்சோ சாமிக்குக் காது மந்தம், அதனால் அவரிடம் பாவத்தை உரக்கச் சொல்ல வேண்டும். நம் பங்கில் பாவங்கள் குறைந்திருப்பதற்கு அதுதான் காரணம். நான் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம் என்பதால் எழுதுகிறேன்.

“தப்பான ஜெபம் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன், சாமி.”

“யாருக்குக் கெடுதல் வேண்டினீங்க?”

“யாருக்கும் இல்ல. சகல புனிதர் திருநாளன்னிக்கு எம் மகன் பூசைக்குப் போகாம இருக்கணும்னு வேண்டறேன். அவன் தூங்கியிருக்கலாம். இல்லேன்னா அக்கரையில ஒரு பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கலாம். எது வேணா இருக்கலாம்.”

சாமி வெகுநேரம் இருமினார். அவருக்கு இருமல் கிடையாது. அந்த நாள் போன வருடமே போய்விட்டதே, மதாம் என்றார். உங்கள் மேசையில் போயிருக்கலாம், என் மேசையில் வரவில்லை என்றேன். பெரினின் மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொல்லி, முடிந்துபோனதற்காக வேண்டினால் அந்த ஜெபம் எங்கே போகும் என்று கேட்டேன். அதற்கு அவர், கடவுளுக்குப் போன வருடம் அடுத்த வருடம் என்று இல்லை, எல்லா நாளும் அவர் முன்னால் ஒரே பக்கத்தில் எழுதினது போல இருக்கும், ஆகவே வேண்டலாம் என்றார். ஆனால் ஒருவன் பாவம் செய்ய வேண்டும் என்று வேண்டக்கூடாது, அது நிச்சயமாகக் கூடாது. நான் யோசித்தேன். விடியற்காலைச் சிறு பூசையைக் கண்டுவிட்டுப் படகேறி அக்கரைக்குப் போயிருக்கட்டும் என்று வேண்டினால் செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார். முழங்கால் போட்டுக்கொண்டே பேரம் பேசினதில் முழங்கால் இன்னும் கெட்டது, ஆனால் ஜெபம் ஒழுங்காகிவிட்டது. அன்றிலிருந்து நீ தினமும் விடியற்காலையில் எழுந்து, முகம் கழுவி, பூசை கண்டு, படகேறுகிறாய். உன் வாழ்நாளில் நீ இவ்வளவு சீக்கிரம் எழுந்ததே இல்லை, அதுதான் இந்த ஜெபத்தில் பலவீனமான இடம். எனக்கும் அது தெரிகிறது.

மற்றபடி உலகம் நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் கோர்சிக்கா தீவுக்காரர்கள் முப்பது வயது இளைஞர் ஒருவரைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பதில் ஒருவர் ஒரு தீவையே கட்டி மேய்க்கிறார், இருபத்தாறில் உன்னால் ஓரம் விட்டு எழுத முடியவில்லை. செப்டம்பரில் வியன்னாப் பேரரசி பதினைந்தாவது பிள்ளைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஒன்றோடு நின்றுவிட்டேன். பதினைந்து இருந்தால் அவற்றில் ஒன்றாவது எழுதியிருக்கும் என்று அன்று தோன்றியது, பிறகு அப்படி நினைத்ததற்காக வருத்தப்பட்டேன். எனக்குப் பதினைந்து பேர் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம், திங்கட்கிழமை, அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி இதழ். அதில் நம் ஊர்ச் செய்தி வந்திருந்தது: இங்கே ஒகையோ ஆற்றுப் பக்கம் ஆங்கிலேயரை நம் ஆட்கள் முறியடித்தது. இங்கே நடந்த சண்டை பாரிஸுக்குப் போய், அச்சாகி, கடல் தாண்டி, என் மேசைக்கு வந்திருக்கிறது. பெருமையாக உரக்க வாசித்தேன். மாண்ட வீரர்களின் பெயர்கள் வரும் இடத்தில், ‘கடைசி மூச்சுவரை அரசரின் பெயரைச் சொல்லிப் போரிட்டு உயிர் நீத்த லெப்டினன்ட் கூர்த்மான்ஷ்’ என்று வந்தது. அவர் ரொபித்தாய் அம்மாளின் அக்காள் மகன். நான் வாசிப்பதை நிறுத்தி, உங்கள் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன்.

“நேத்துதான் எங்க வீட்ல சாப்பிட்டுப் போனான், மதாம்,” என்றாள் அந்த அம்மாள். “ரெண்டு தட்டு.”

பத்திரிகையில் தப்பாக அச்சடிக்க மாட்டார்கள் என்றேன். அவன் தப்பாகச் சாப்பிடமாட்டான் என்றார் ரொபித்தாய். பெரின், செத்தவர் அன்று காலையில் கீழ்ச் சந்தையில் விலாங்குக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடமாக நான் வாசிக்கிற பத்திரிகை. ஆளைக் கூட்டிவாருங்கள், பார்க்கிறேன் என்றேன்.

நேற்று வந்தார். நல்ல உயரம், இடது காது மடல் கொஞ்சம் போயிருக்கிறது, கையில் விலாங்குக் கூடை. நான் அவரை நிற்க வைத்து, அவர் செத்ததை முதலிலிருந்து வாசித்தேன். தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நன்னடத்தைப் பரிசு வாங்கும் மாணவன் போலக் கேட்டார். முடிந்ததும், உயிரோடு இருக்கும்போது தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை, அந்தத் தாளைத் தனக்குத் தர முடியுமா என்றார். முடியாது என்றேன். அப்படியானால் ‘கடைசி மூச்சு’ வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்றார். வாசித்தேன், அவர் உயிரோடு இருந்தார் என்பதற்காக. அந்த ஆள் பற்களுக்கு நடுவில் விலாங்குத் துணுக்கு ஒட்டிக்கொண்டு, குதிகால் தேய்ந்த சப்பாத்தோடு, எங்கள் தரையை அழுக்காக்கிக்கொண்டு நின்றதைப் போல ஒரு அழகான காட்சியை நான் வெகுகாலமாகப் பார்க்கவில்லை.

“நீங்க செத்ததா சேதி போயிருக்கே. பிழைச்சிருக்கேன்னு உங்க அம்மாவுக்கு எழுதினீங்களா?”

“எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, மதாம். என்னன்னு எழுதறது?”

அவர் தாயார் த்ருவா-ரிவியேரில் இருக்கிறார்; படகில் நாலு நாள். கடைசியாக எப்போது எழுதினீர்கள் என்றேன். விரல் விட்டு எண்ணினார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். நான் அவரை உன் நாற்காலியில் உட்கார வைத்தேன். தாள் கொடுத்தேன், பேனா சீவிக் கொடுத்தேன். பாதியில் தலையைத் தூக்கினார்.

“இது அவ்வளவு அவசரமா, மதாம்?”

“உங்களுக்கு இல்ல,” என்றேன்.

எட்டு வரி எழுதினார், நாலு பிழை. திருத்தி, நல்ல தாளில் மறுபடி எழுத வைத்து, இன்று காலைப் படகில் பெரினே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். லெப்டினன்ட் கூடையிலிருந்து ஒரு விலாங்கை வைத்துவிட்டுப் போனார். இதை நான் திருப்பி அனுப்பவில்லை. செத்தவர் கொடுத்தது, சாப்பிட்டோம்.

ஆகவே மகனே, இரண்டு விஷயம் நிரூபணமாகிவிட்டது. ஒன்று, பாரிஸ் பத்திரிகை செத்தவர்களைப் பற்றித் தவறாகப் போடும். இரண்டு, உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எழுதுவதில்லை; எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்குத் தெரிவதில்லை. உன் மௌனத்துக்கு ஊர் சொல்லும் பொருளை நான் நேற்றோடு தள்ளிவிட்டேன். நீ வெறும் சோம்பேறி. இப்படி எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? நீ சோம்பேறி, நீ அடங்காதவன், நீ தாய்க்கு ஒரு வரி எழுத வக்கில்லாதவன், அந்த நாற்காலி நாலு வருடமாக உன் முதுகு படாமல் இருக்கிறது, லெப்டினன்ட் அதில் உட்கார்ந்தபோது அது கிறீச்சிட்ட சத்தம் கேட்டு நான் அடுக்களைக்குப் போய்விட்டு வந்தேன்.

என் கட்டளைகள் பின்வருமாறு. நான் உன் அம்மா, தேதியெல்லாம் பார்க்காமல் கீழ்ப்படி. வருகிற சகல புனிதர் திருநாளன்று விடியற்காலைப் பூசையைக் கண்டுவிடு. பெரிய பூசைக்குப் போகாதே. நான் இதைச் சொல்வேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய், ஆனாலும் போகாதே. படகேறி அக்கரைக்குப் போ. அந்த ஒரு நாள் மட்டும் அந்த வீட்டுக்குப் போக அனுமதி உண்டு. வேலை ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வா. தனியாக வா. கல்யாணத்துக்கு என் சம்மதம் இல்லை.

பெரின் உன் கையைப் பிடித்து முத்தமிடுகிறாள். ரொபித்தாயும் அவர் மனைவியும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். அபே மர்சோ சாமி ஆசீர் அனுப்புகிறார், கொஞ்சம் உரக்க. கடவுள் உன்னைத் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்ளட்டும், முசியே கஸ்தனேயும் அப்படியே செய்யட்டும்.

எதற்கும் இணங்காதவளும் எந்நாளும் உன் தாயுமான,
ஷார்லொத் பெர்த்தியோம், விதவை

பி.கு. — வழக்கம்போல இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து மூன்று கப்பல்களில் அனுப்புகிறேன். ஒன்றை ஆங்கிலேயர் பிடித்து, ஒன்றைக் கடல் கொண்டாலும் ஒன்று வரும் என்று. முதல் இரண்டும் மேலே உள்ள கையெழுத்தோடு முடிந்து, அரக்கு வைத்து, போய்விட்டன. இது மூன்றாவது. இந்த வருடத்தின் கடைசிக் கப்பல் நாளை புறப்படுகிறது, பிறகு ஆறு உறைந்துவிடும். தாளில் இன்னும் இடம் இருக்கிறது.

பத்திரிகைக் கட்டை நான் மே மாதமே பிரித்துவிட்டேன். துறைமுகத்தில், காலியான மீன் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, வண்டிக்காரர்கள் பார்க்க, நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு வரி விடாமல் படித்தேன். இறந்தவர்களின் தொகை இதழுக்கு இதழ் மாறுகிறது. பெயர் போட்டிருப்பது பெரிய மனிதர்களுக்கு மட்டும். ஸ்பெயின் தூதர் பெயர் இருக்கிறது. எழுத்தர்களின் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை. வியன்னாவில் பெண் குழந்தை, அந்தத் திருநாளுக்கு மறுநாளே பிறந்துவிட்டது. பிறகு பழைய முடிச்சைப் போலவே முடிச்சுப் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். ரொபித்தாய் தொப்பியோடு வந்தது அதற்குப் பிறகுதான். நவம்பர் இதழ்களில் மட்டும் மீன் வாடை அடிக்கிறது; பெரின் அலமாரியைத் துடைக்கிறவள், அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

சம்மதம் இல்லை என்று மேலே எழுதியதை எடுத்துவிடு. சம்மதம். இன்று மதியம் சாமியையும் ரொபித்தாயையும் கூப்பிட்டுத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். சாமி எதுவும் கேட்காமல் போட்டார். ரொபித்தாய்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

“தேதி எந்த வருஷம் போடறது, மதாம்?”

“இன்னைக்குத் தேதியப் போடுங்க,” என்றேன். “ஐம்பத்தாறு.”

ஜசிந்தாவையும் கூட்டிக்கொண்டு வா. ஒப்பந்தம் முடியக் காத்திருக்க வேண்டாம்.

ஜசிந்தா, அரக்கை உடைத்து இதைப் படிப்பது அவனாக இல்லாமல் நீயாக இருந்தால், எங்கள் மொழி தெரிந்த யாரிடமாவது கொடுத்து மெதுவாகப் படிக்கச் சொல். அந்தத் தாளில் உன் பெயரும் இருக்கிறது, அது உனக்கும் செல்லும். வசந்தத்தில் ஆறு திறந்ததும் வரும் முதல் கப்பலில் ஏறிவிடு மகளே. குளிருக்குக் கெட்டியாக ஏதாவது கொண்டு வா. துறையில் இறங்கி யாரிடமும் வீடு கேட்க வேண்டாம், நான் அங்கேயே நிற்பேன்.